துண்டுக்குப் பெயர் மாற்றாதீர்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நெகிரி செம்பிலான், ராசா வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது ஒரு பெட்டி நிறையப் படங்களைக் கொண்டு வந்தார். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி, லயத்துக் கல்யாணங்கள் எல்லாம் அதில் இருந்தன.

பேரன் அவற்றை ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாகச் சுருக்கினான். 11 ஜிகாபைட் வந்தது. பென்டிரைவில் ஏறவில்லை. ஃபேட்32 அமைப்புள்ள பென்டிரைவ் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. ஆகவே செவன்-சிப் மென்பொருளைக் கொண்டு, 3 ஜிகாபைட் அளவில் நான்கு துண்டுகளாக்கினான்.

பெரியவரின் மகன், நல்லது செய்வதாக நினைத்து, துண்டுகளுக்குக் ‘கோயில்’, ‘பள்ளி’, ‘கல்யாணம்’, ‘லயம்’ என்று பெயர் வைத்துவிட்டார். பின்னால் இருந்த எண்களும் போய்விட்டன. பிறகு பேரனின் கணினி பழுதானது. படப் பெட்டியும் வீடு மாறியபோது தொலைந்தது. “ஏன் தம்பி, படமெல்லாம் போயிடுச்சா?” என்று பெரியவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நேயர்களே, ஒவ்வொரு துண்டும் தனி ஆல்பம் அல்ல. ஒரு புத்தகத்தை நான்காக வெட்டினால் வாக்கியத்தின் நடுவிலும் வெட்டு விழும் அல்லவா? அதுபோலத்தான். அடுத்த துண்டு எது என்பதை மென்பொருள் பெயரைப் பார்த்தே தேடுகிறது.

செவன்-சிப் துண்டுகளின் வால் 001, 002 என்று வரும். வின்ரார் துண்டுகளில் பார்ட்1, பார்ட்2 என்றிருக்கும். பழைய ரார் முறையில் முதல் துண்டு ரார். அடுத்தவை ஆர்00, ஆர்01. இவற்றிலெல்லாம் முதல் துண்டைத் திறக்க வேண்டும். சிப் மட்டும் வேறு. இசட்01, இசட்02 என்று போய், கடைசித் துண்டுதான் சிப் என்று முடியும். உள்ளடக்கப் பட்டியல் அதில் இருப்பதால் அதையே திறக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைக்க ஆசையா? கோப்புறைக்கு வையுங்கள். துண்டுக்கே வைப்பதானால், முன்பெயரை எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே மாதிரி மாற்றுங்கள். வாலைத் தொடாதீர்கள். ஒரே துண்டை இருமுறை இறக்கினால் பெயரோடு அடைப்புக்குறியில் 1 ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து அடுத்த துண்டு என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பெரியவரின் படங்கள் என்னவாயின? பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது மாறுவதில்லை. அளவில் சிறியது கடைசித் துண்டு என்று கண்டுகொண்டோம். மற்ற மூன்றும் உருவான நேரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தி, எண்களைத் திரும்பப் போட்டோம். நான்கும் ஒரே கோப்புறையில் சேர்ந்தன, திறந்தது. தம் கல்யாணப் படத்தைக் கண்ட பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

ஆனால் ஒரு துண்டை யாராவது அழித்திருந்தால்? மீதித் துண்டுகளை மட்டும் வைத்து எந்தக் கெட்டிக்காரனாலும் அதை வரவழைக்க முடியாது. எனவே துண்டாக்கியதும், அவற்றை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். முழுத் தொகுப்பையும் இரண்டு வீடுகளில் வையுங்கள். எத்தனை துண்டுகள், எதைத் திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கூடவே வையுங்கள்.

தோட்டம் போய்விட்டது; லயமும் இல்லை. மிச்சமிருப்பது இந்தப் படங்கள்தான். கவனமாகக் காப்போம்.