பதினாறு கிலோ கல்லு

(எமது புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். உடன் படிப்பை நிற்பாட்டி, தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். பேராசிரியர் மாதிரிக் கதைக்க எனக்கு வராது. போன மாதம் மகள் உலகப்படத்தை வெட்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, பிரேசிலும் ஆபிரிக்காவும் பொருந்துதே!" என்றாள். பொருந்தினால் மட்டும் போதுமோ? கிழிந்த சேலைத்துண்டு இரண்டை எடுத்தால், கிழிசலோடு பூவேலையும் தொடர்ந்து போகவேணும் அல்லவா?

கண்டங்கள் ஒட்டியிருந்து விலகினவை என்று 1912 ஜனவரியில் சொன்ன ஜேர்மனியர் அல்பிரட் வெகனர், அந்தப் பூவேலையைக் கல்லுக்குள் இருந்த உயிர்ச்சுவடுகளில் கண்டார். மெசோசோரஸ் என்று ஒரு சின்ன ஊர்வன, ஆழமில்லாத நீரில் வாழ்ந்தது. அதன் எலும்புகள் தென்னமெரிக்காவின் கிழக்கிலும் ஆபிரிக்காவின் தெற்கிலும் மட்டுந்தான் கிடைக்கின்றன. அத்திலாந்திக்கை நீந்திக் கடந்திருந்தால் வேறு கரைகளிலும் ஏறியிருக்குமே! "நடுவில் தரைப்பாலம் இருந்து தாண்டு போச்சுது" என்று மற்றவர்கள் சமாளித்தார்கள். கண்டப்பாறை இலேசானது, கடலடிக்குள் தாழாது என்றார் வெகனர். ஆனால் கண்டங்களை எது தள்ளியது என்று அவரால் காட்ட முடியவில்லை. 1930 இல் கிறீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடலடி விரிகிறது என்ற விளக்கம் வந்தது 1960களில்தான்.

அதே 1912 இல் தென்துருவம் போய்த் திரும்பின ஸ்கொட்டின் குழு, சாப்பாடு குறைந்து, குளிரில் விறைத்து, வழியில் பொறுக்கின கற்களையும் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு வந்தது. நவம்பரில் அவர்களுடைய உடல்களைக் கண்டெடுத்தபோது ஏறத்தாழ 16 கிலோ கல்லும் அங்கேயே இருந்தது. நாங்கள் வெளிக்கிடேக்கை எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் கல்லை எறியவில்லை. அதற்குள் குளொசொப்தெரிஸ் என்ற மரத்தின் இலை இருந்தது. இந்தியாவின் தாமோதர் நிலக்கரிப் படுகையிலும், தென்னாபிரிக்காவிலும், அவுஸ்திரேலியாவிலும் கிடைக்கிற அதே மரம்! பனிக்கட்டி நாட்டில் ஒருகாலம் காடு!

பிறகு 1969 இல் லிஸ்ற்றோசோரஸ் என்ற, பன்றி மாதிரித் தரையில் திரிந்த பிராணியின் எலும்பும் அந்தாட்டிக்காவில் அகப்பட்டது. அது தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏற்கெனவே தெரிந்த பிராணி. அதற்குப் பிறகு மறுத்துக் கதைக்கிறது கஷ்டமாய்ப் போச்சுது.

எங்கட இலங்கையும் அப்ப இந்தியாவோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைத் தேடாதையுங்கோ, அது வெகுகாலத்துக்குப் பிந்திக் கடலில் உண்டானது.