கடையைத் திருத்தும்போதே எல்லோருக்கும் ஏற்ற மலசலகூடம்
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



படுவான்கரைக்கும் வாகரைக்கும் திரும்பி வந்த நீங்கள் தேநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை, சைக்கிள் திருத்தும் கடை என்று மீண்டும் தொழில் தொடங்குகிறீர்கள். கூரையும் சுவரும்தான் முதலில் நினைவுக்கு வரும். மலசலகூடத்தைக் கடைசியில், மிஞ்சிய சீமெந்தில் கட்டுவதே வழக்கம். இன்று அதைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன்.

உங்கள் கடைக்கு யார் யார் வருவார்கள்? போரில் கால் இழந்தவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள், முழங்காலை மடக்க முடியாத வயோதிபர்கள், கர்ப்பிணித் தாய்மார். இவர்களில் சிலர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கடையை நடத்தப் போகிறவரே அவராகவும் இருக்கலாம். போக வசதியில்லையென்றால் அவர்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

இது வெறும் இரக்கம் அல்ல, சட்டமும் கூட. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன் கீழ் 2006இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. உங்கள் கடைக்கு எது பொருந்தும் என்பதைப் பிரதேச சபையில் வரைபடம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இனி மேசனிடம் சொல்ல வேண்டிய அளவுகள்.

வழி: சக்கர நாற்காலி மணலில் புதையும். கடையிலிருந்து மலசலகூடம் வரை 4 அடி அகலத்துக்குச் சீமெந்துப் பாதை போடுங்கள்.

சாய்வுப் பாதை: 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம். தளம் 9 அங்குலம் உயர்ந்தால் பாதை 9 அடி. வெள்ளத்துக்காக 2 அடி உயர்த்தினால் 24 அடி வேண்டும். முற்றம் போதாவிட்டால் சுவரோரமாகத் திருப்புங்கள். திருப்பத்தில் 5 அடிச் சமதளம் விடுங்கள்.

கதவு: 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவரது உடலே அடைத்துவிடும்.

அறை: உள்ளளவு குறைந்தது 5 அடிக்கு 7 அடி. நாற்காலி திரும்புவதற்கு 5 அடி வெற்றிடம் தேவை.

இருக்கை: கொமட்டின் உயரம் 17 முதல் 19 அங்குலம். அதற்குப் பணம் போதாவிட்டால், குந்தும் கோப்பையின் மேல் வைக்கக்கூடிய, நடுவில் துளையுள்ள உறுதியான இருக்கையைச் செய்விக்கலாம்.

கைபிடி: இருக்கைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய், ஒருவரின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். சுவர் கட்டும்போதே பதிப்பது நல்லது. பூச்சுக்குப் பின் துளைத்துப் பொருத்தினால் கழன்றுவிடலாம்.

தண்ணீர்க் குழாய் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். தரைக்குப் பளபளக்கும் மாபிள் வேண்டாம், சொரசொரப்பான சீமெந்தே போதும்.

வாவிக் கரையில் இன்னொரு கவலையும் உண்டு. கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஆழமாகக் குழி வெட்டினால் கழிவு கிணற்று நீரில் கலக்கும். குழியைக் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் தள்ளி, ஆழத்தைக் குறைத்துக் கட்டுங்கள். தளம் அதனால் உயரும். சாய்வுப் பாதையின் நீளத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். அத்திவாரம் வெட்டும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கல் வைக்கும் முன் நிலத்தில் கயிறு கட்டி அறையின் அளவைக் குறியுங்கள். ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இடிக்குதென்று அவர் சொன்னால் அன்று கயிற்றை நகர்த்தினால் போதும். கட்டிய பிறகு சுவரையே இடிக்க வேண்டிவரும்.