வருமான வரிக் கணக்கு: முதல்ல ஒரு ஃபைல் போடுங்க

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்களுக்காக 2025 ஜூனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வருமான வரின்னு சொன்னதும், "அது பணக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு தோணும். எங்க அத்தையும் அப்படித்தான் நினைச்சாங்க. மாமா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தை அத்தை பேர்ல வங்கியில டெபாசிட் போட்டிருந்தாங்க. 2024-25 நிதியாண்டுல வட்டி 62,000 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினா 10 சதவீதம் வரி பிடிக்கணும்கிறது அந்த வருஷத்து விதி. அதன்படி 6,200 ரூபாய் பிடிச்சுட்டாங்க. அத்தைக்கு வேற வருமானமே இல்ல. ஒரு பைசா வரி கட்ட வேண்டியதில்ல. ஆனாலும் பிடிச்ச பணம் தானா திரும்பி வராது. கணக்குத் தாக்கல் செஞ்சாதான் வரும்.

சரி, தாக்கல் செய்யலாம்னு உட்கார்ந்தோம். பான் அட்டையில அப்பா பேரு முழுசா இருக்கு. ஆதார்ல வெறும் இனிஷியல். பாஸ்புக்ல கணவர் பேரு. ரீஃபண்ட் பணம் வரணும்னா, இணையதளத்துல முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்கு இருக்கணும். பேரு ஒத்துப்போகாததால அது நின்னுபோச்சு. இதைச் சரிசெய்யவே மூணு வாரம் அலைஞ்சோம். தாக்கல் செய்ய ஆனது அரை மணி நேரம்தான்!

அதனால, இன்னிக்கே வீட்டுல ஒரு ஃபைல் போடுங்க. அதுல என்னென்ன இருக்கணும்?

ஒண்ணு, பான், ஆதார், பாஸ்புக் நகல். மூணுலயும் பேரு, பிறந்த தேதி ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பானும் ஆதாரும் இணைஞ்சிருக்கணும். இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயல்படாது. அப்படி இருந்தா ரீஃபண்ட் கிடைக்காது. ஆதார்ல இருக்கிற செல் நம்பர் இப்பவும் உங்க கையில இருக்கான்னும் பாருங்க.

ரெண்டு, வேலை செய்றவங்களுக்கு படிவம் 16. சம்பளத்துல வரி பிடிச்ச நிறுவனம் இதை ஜூன் 15-க்குள்ள கொடுக்கணும். வருஷ நடுவுல வேலை மாறினவங்க ரெண்டு இடத்துலயும் கேட்டு வாங்குங்க.

மூணு, எல்லா வங்கிக் கணக்குக்கும் வட்டிச் சான்றிதழ். தபால் நிலைய டெபாசிட்டையும் மறக்காதீங்க.

நாலு, காப்பீடு, வீட்டுக் கடன், பிள்ளைங்க பள்ளிக் கட்டண ரசீதுகள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கிறவங்களுக்கு இது வேணும்.

அஞ்சாவது செல்போன்லயே பார்க்கலாம். வருமான வரி இணையதளத்துல 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ்.னு ரெண்டு அறிக்கை இருக்கும். உங்க பான் பேர்ல எவ்வளவு வட்டி வந்தது, எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு அதுல தெரியும். உங்க ஃபைலோட ஒப்பிட்டுப் பாருங்க. ஏ.ஐ.எஸ்.ல தப்பு இருந்தா அங்கேயே கருத்துப் பதிவு செய்யலாம்.

பாகூர் விவசாயிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனா அது வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினா, எளிய படிவமான ஐ.டி.ஆர். 1-ஐப் பயன்படுத்த முடியாது. பால் விற்கிற வருமானம் விவசாயக் கணக்குல சேராது. அதுக்கும் ஐ.டி.ஆர். 1 சரிப்படாது. அதனால நெல் விற்ற சீட்டு, உரம் வாங்கின பில், பால் பணம் வரவு எல்லாத்தையும் தனித்தனியா வைங்க.

கம்ப்யூட்டர் சென்டர்ல போய்ச் செய்யறவங்க, பதிவு செய்யும்போது உங்க செல் நம்பரையே கொடுங்க. அவங்க நம்பரைப் போட்டா, நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பாஸ்வேர்டை நீங்களே குறிச்சு வைங்க. "ரீஃபண்ட் அதிகமா வாங்கித் தரேன்"னு யாராவது சொன்னா ஒதுங்கிடுங்க. கட்டாத காப்பீட்டைக் கட்டினதா காட்டினா, நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்.

தணிக்கை தேவைப்படாதவங்களுக்கு 2025 வரை வழக்கமா ஜூலை 31 கடைசி நாளா இருந்தது. 2025-ல அதை முதல்ல செப்டம்பர் 15 வரை நீட்டிச்சாங்க. தாக்கல் செஞ்ச 30 நாளுக்குள்ள ஆதார் ஓ.டி.பி. மூலமா சரிபார்க்கணும். இதை விட்டுட்டா தாக்கல் செஞ்சதா எடுத்துக்க மாட்டாங்க.

ரசீது எதையும் கணக்கோட இணைக்க வேண்டாம். அதுக்காகத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்னால கேட்டா காட்டணும். ஆறு வருஷமாவது பத்திரமா வைங்க.

அத்தைக்கு 6,200 ரூபாய் வந்துடுச்சு. 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கான அந்த வரம்பு 1 லட்சம் ரூபாய். அதையும் தாண்டி வட்டி வர்றவங்க, வரி கட்டற அளவு வருமானம் இல்லன்னா, வருஷ ஆரம்பத்துலயே வங்கியில அதுக்கான படிவத்தைக் கொடுத்துடுங்க. 2025-ல அது 15எச் படிவம். 60 வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்கு அப்ப 15ஜி. வரியே பிடிக்க மாட்டாங்க.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பான், ஆதார், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. அவ்வளவுதான்.