மூக்கின் வழியே ஒரு பாதை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் கட்டிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று தோன்றலாம். இங்கே படித்த நம்மில் பலர் இன்று ஆசிரியைகள், தாதியர், மருத்துவ மாதுக்கள். தோட்டத்துப் பெண் தன் நோவை வைத்தியரிடம் சொல்லுமுன் நம்மிடம் சொல்கிறாள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

தலைவலி என்றால் நம் மலையகத்தில் காரணம் தயாராக இருக்கும்: கொழுந்துக் கூடையின் கயிறு, பனி, மழை. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில அடையாளங்கள் சேர்ந்து வந்தால் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

மூளை அமர்ந்திருக்கும் எலும்புத் தளம்தான் மண்டையோட்டின் அடித்தளம். அதன் நடுவே, மூக்குக்குப் பின்னால், கடலை அளவில் கபச்சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலே பார்வை நரம்புகள். இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடிகள். இச்சுரப்பியில் வளரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் இடம் மிக நெருக்கமானது.

கட்டி மேலே வளர்ந்தால் முதலில் பக்கப் பார்வை குறையும். நேரே உள்ள எழுத்து தெளிவாகத் தெரிவதால் கண்ணாடிக் கடைப் பரிசோதனையில் அது அகப்படாமல் போகலாம். அவள் கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வருபவரைக் காணமாட்டாள். கர்ப்பமில்லாமல் மாதவிலக்கு நிற்பது, பிள்ளை பெறாமலே பால் சுரப்பது, மோதிரம் இறுகுவது, செருப்பின் அளவு கூடுவது ஆகியவையும் அடையாளங்களே. ஒரே காதில் கேள்வி குறைந்து இரைச்சலும் இருந்தால், செவி நரம்பருகே வளரும் வேறொரு கட்டியும் காரணமாகலாம்.

மண்டையைத் திறப்பார்கள் என்ற பயத்தில் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. கபச்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. 1907இல் ஒஸ்ரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லொஃபர் மூக்கு வழியாக இக்கட்டியை அணுகினார். 1960களில் நுணுக்குக்காட்டியும், 1990களில் எண்டோஸ்கோப்பும் அந்தப் பாதையைப் பாதுகாப்பாக்கின. பால் சுரக்கவைக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையாலேயே சுருங்கும்.

இத்துறை பெண்களுக்கு எட்டாதது என்று நினைக்கும் தங்கைமாருக்கு ஒரு பெயர்: டொக்டர் டி. எஸ். கனகா. சென்னையில் 1968இல் பட்டம் பெற்ற அவர், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நம் வேலை இருக்கிறது. சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். ஹோர்மோன் மாத்திரை கொடுத்திருந்தால், சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது, அது உயிராபத்து.

கடைசியாக, நாம் எல்லோரும் செய்யக்கூடிய ஒரு சோதனை. அவளை எதிரே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து விரலை அசைத்தபடி மெல்ல நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மற்றக் கண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். நடுவுக்கு வந்த பிறகே விரல் தெரிகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இதில் சரியாகத் தெரிந்தாலும் மற்ற அடையாளங்கள் இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ அரசாங்க வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்பட்டவரைக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் காசும், இழக்கும் நாட்சம்பளமும், கூடப்போக ஆளில்லாததும் பலரைத் தடுக்கின்றன. நெடுநாள் நசுங்கிய பார்வை நரம்பு, கட்டியை எடுத்த பின்னும் முழுதாகத் தேறாமல் போகலாம்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை, கிளினிக் போகும் பெண்ணின் பயணச் செலவுக்கு ஒதுக்குவோம். அவளோடு கூடப்போக ஊருக்கு ஒரு பழைய மாணவி முன்வருவோம்.