காணாமற்போன டிசம்பர்



2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆண்டிராய்டு 4.2 என்னும் கைப்பேசி அமைப்பு வெளிவந்தது. அதனுடன் வந்த முகவரிச் செயலியில் நண்பரின் பிறந்தநாளைக் குறிக்க முயன்றவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டனர். மாதங்களின் வரிசையில் நவம்பருக்கு அடுத்து ஜனவரி நின்றது. டிசம்பரில் பிறந்தவர்க்கு அங்கே இடமில்லை! அம்மாத இறுதியிலேயே 4.2.1 என்னும் திருத்தம் வந்து டிசம்பரை மீட்டுத் தந்தது.

சிரித்து மறந்துவிடக்கூடிய பிழைதான். ஆயினும், அத்திருத்தம் வரும்வரை காத்திராமல், நிரல் எழுதக் கற்ற மாணவர் ஒருவர் தாமே அப்பிழையைக் களைய முடியுமா? அதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முடியும், ஆனால் எளிதன்று. ஆண்டிராய்டின் மூலநிரலை, அதாவது மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியை, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் கூகிள் நிறுவனத்தார் பொதுவில் வெளியிட்டனர். யாரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம். கடிகாரம், முகவரி ஏடு, 'செட்டிங்ஸ்' முதலிய உடன்வரும் செயலிகளின் நிரல்களும் அதில் தனித்தனி அடைவுகளாக உள்ளன.

அப்படியாயின், அந்தச் சிறு செயலியின் கோப்புகளை மட்டும் எடுத்துவந்து கட்டிவிடலாமே என்று தோன்றும். நானும் முதலில் செட்டிங்ஸ் செயலியை அவ்வாறே கட்ட முற்பட்டேன். கணிப்பொறி பிழைகளை அடுக்கடுக்காகக் காட்டியது. வெளியிலிருந்து செயலி எழுதுவோர்க்கு இவ்வமைப்பு சில வாயில்களை மட்டுமே திறந்து வைக்கிறது. உடன்வரும் செயலிகளோ வீட்டுப் பிள்ளைகள். கொல்லைப்புற வழியும் பரண்மேல் ஏறும் வழியும் அவற்றிற்குத் தெரியும். வெளியார்க்குத் தரப்படும் கருவித் தொகுதியில் அவ்வழிகளின் பெயர்கூட இராது. ஆகவே, வீடு முழுவதையும் கட்டினாலன்றி அந்த ஓர் அறையைக் கட்ட இயலாது.

வீடோ சிறிதன்று. 'ரெப்போ' என்னும் கருவி பல நூறு களஞ்சியங்களிலிருந்து நிரல்களைத் திரட்டுகிறது. வட்டில் 400 ஜிகாபைட் இடமும், 64 ஜிகாபைட் நினைவகமும் வேண்டும் என்றும், 6 உட்கருக்கள் கொண்ட கணிப்பொறியில் முழுக் கட்டுமானத்திற்கு 6 மணி நேரம் ஆகும் என்றும் அத்திட்டத்தாரே அறிவித்துள்ளனர். வசதி குறைந்த மாணவர்க்கு இது பெருந்தடை என்பதை மறைப்பதிற் பயனில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஐவர் அறுவர் கூடி ஒரு பொறியைப் பகிர்ந்துகொள்ளலாம். முதல் தடவை பொறுத்துவிட்டால், பிறகு 'எம்' என்னும் கட்டளையோடு செயலியின் பெயரைக் கொடுத்ததும், மாறிய பகுதி மட்டும் விரைவில் கட்டப்பட்டுவிடும்.

அடுத்தது முத்திரை. செட்டிங்ஸ் போன்ற செயலிகள் அமைப்புக்கு உரிய முத்திரையைத் தாங்கியிருத்தல் வேண்டும். கடையில் வாங்கும் கைப்பேசியில் அம்முத்திரையின் இரகசியத் திறவுகோல் உற்பத்தியாளரிடமே இருக்கும். மூலநிரலோடு நமக்குக் கிடைப்பது உலகறிந்த சோதனைத் திறவுகோல். எனவே நாம் கட்டிய செயலி, நாமே கட்டிய அமைப்பில்தான் குடியேறும். பூட்டைத் திறக்க இடந்தரும் சில கைப்பேசிகளில் அவ்வமைப்பை ஏற்றலாம். இல்லையேல், கணிப்பொறித் திரையிலேயே இயங்கும் 'எமுலேட்டர்' என்னும் போலிக் கைப்பேசி போதும். இக்கட்டுப்பாட்டை நான் குறைகூறேன். அஃது இல்லையேல், யாரோ ஒருவன் உங்கள் முகவரி ஏட்டின் இடத்தில் தன் கள்ள ஏட்டை வைத்துவிடுவான் அன்றோ?

இனிப் பிழை தேடுவது. செயலிகள் இயங்கும்போது எழுதும் குறிப்புகளை 'லாக்கேட்' என்னும் கருவி வரிசையாகக் காட்டும். அமைப்பைப் பொறியாளர்க்கான வகையாகக் கட்டியிருந்தால், ஓடும் செயலியை விரும்பிய வரியில் நிறுத்தி, அந்நொடியில் ஒவ்வொரு மாறியிலும் உள்ள மதிப்பைப் பார்க்கலாம். மாதப் பிழை போன்ற ஒன்றைத் தேடுவோர் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும்: ஜாவா மொழியின் பழைய நாட்காட்டி ஜனவரியை 0 என்றும் டிசம்பரை 11 என்றும் எண்ணுகிறது. மனிதரோ 1 முதல் 12 வரை எண்ணுகின்றனர். இரண்டு கணக்கும் சந்திக்கும் வரியில் செயலியை நிறுத்தி, கடைசி எண் யாது என்று முதலிற் பார்ப்பேன்.

ஆனால், பார்ப்பது எந்தப் பிரதியை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை கடிகாரச் செயலியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். கட்டினேன், ஏற்றினேன்; திரையில் பழைய சொல்லே நின்றது. மீண்டும் மாற்றினேன், அதே சொல். இரவு முழுவதும் இவ்வாறே கழிந்தது. நிரலில் குற்றமில்லை. முன்னொரு நாள் அதே செயலியின் பிரதி ஒன்றைப் பயனர்க்குரிய பகுதியில் நிறுவி மறந்திருந்தேன். அமைப்புப் பகுதியில் நான் வைத்த புதியதை மறைத்துக்கொண்டு, அந்தப் பழைய பிரதியே இயங்கிக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். புதிய சொல் திரையில் தோன்றியது. அதன் கீழே மணி ஐந்தே கால்.