எல்லைப்புறத் தொடக்கப் பள்ளிகள்: எதை எதனோடு ஒப்பிடுவது?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மாணவர் தலைக்கணக்கு எடுக்கப்படுகிறது. அவ்வாண்டின் வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் அக்கணக்கைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. மலையாள வழிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் குறைந்தால் ஒரு பிரிவு குறையும். பக்கத்து ஊரில் அதே மொழியில் வேறு பள்ளி இருக்கும். ஒரேயொரு தமிழ்ப் பிரிவு உள்ள எல்லைப்புறப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தாலோ, அவ்வூரின் தமிழ்வழிக் கல்வியே ஆட்டம் காணும். பள்ளிகளை ஒப்பிட முனைவோர் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

வழக்கமாக இரண்டு எண்கள் ஒப்பிடப்படுகின்றன: சேர்க்கை, தேர்வு முடிவு. எண்ணிக்கை குறைந்த பள்ளி ‘ஆதாயமற்ற பள்ளி’ என்ற பட்டியலில் இடம்பெறுகிறது. கடைக்கு ஆதாயம் பார்க்கலாம். ஆறு வயதுக் குழந்தையின் முதலெழுத்துக்கு ஆதாயக் கணக்குப் பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்?

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஆகிய பகுதிகள் சமவெளி. சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர்கள். சாலை உண்டு; பேருந்து உண்டு; எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி உண்டு. இங்கே பொதுப்பள்ளிக்கு எதிரே நிற்பது தூரமன்று, தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் வாகனம். கட்டணம் செலுத்த வசதியுள்ள குடும்பத்தின் குழந்தை அதில் ஏறிவிடுகிறது. எஞ்சுவோர் பெரும்பாலும் நிலமற்றவர்களின், தலித் மக்களின், பழங்குடியினரின் குழந்தைகளே.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டம் வேறு உலகம். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பள்ளியும் வீடும் வேலையும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டவை. தொழிலாளி ஓய்வுபெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும்; குடும்பத்தில் வேறொருவர் வேலையில் இல்லையெனில் குழந்தையின் பள்ளியும் அன்றோடு முடிகிறது. தோட்டத்தில் 6 வயது முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதியை நிர்வாகமே செய்து தருமாறு மாநில அரசு விதி வகுக்க 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வழிசெய்தது. ஆயினும் மழைக்காலத்தில் மலைப்பாதையே இப்பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை எழுதுகிறது. 2020 ஆகஸ்டில் 70 உயிர்களைப் பறித்த பெட்டிமுடி நிலச்சரிவு, லயத்துக் குழந்தைகள் எங்கே உறங்குகிறார்கள் என்பதை நாட்டுக்குக் காட்டியது. இன்னும் உள்ளே, இடமலைக்குடியில் வாழும் முதுவான் மக்களின் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. ஆனால் தனித்தன்மை உடையது. அங்கே பாடநூல் தமிழும்கூட ஓரளவு அயல்மொழியே.

ஆக, சிற்றூர்ப் பள்ளியையும் மூணாற்றுப் பள்ளியையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் வைத்தால் பட்டியல் உண்மை பேசாது. இரண்டுக்கும் பொதுவாகக் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு: தமிழில் தொடங்கும் குழந்தையின் வழி எந்த வகுப்பில் அறுபடுகிறது? கேரளத்தில் தொடக்கப் பள்ளி 4ஆம் வகுப்போடு முடிகிறது, 5 முதல் 7 வரை மேல்தொடக்கம், அதன்பின் உயர்நிலை. நடந்து செல்லும் தொலைவில் தமிழில் 5ஆம் வகுப்பு இல்லையெனில், பெற்றோர் 1ஆம் வகுப்பிலேயே வேறு வழி தேடுவர். நடுவில் படியில்லாத ஏணியில் யாரும் ஏறமாட்டார்கள். தொடக்கப் பள்ளியின் சேர்க்கை சரிவதற்குக் காரணம் அநேகமாக அப்பள்ளிக்குள் இல்லை. அடுத்த பள்ளியில் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே ஆண்டில், எல்லைக்கோட்டின் இருபுறமும் எஞ்சியோருக்கு நாடு அளித்த உறுதிமொழி அது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைத்தன. தோவாளையும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கல்வி உரிமைச் சட்டம், 2009, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கில், பயிற்றுமொழியை அரசு திணிக்க இயலாது என்றது. தமிழ்வழியைப் பெற்றோர்மீது எவரும் சுமத்த முடியாது. அவ்வழியைத் திறந்து வைக்கும் கடமையிலிருந்து அரசும் விலக முடியாது.

இவ்விடத்தில் இயக்கம் தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை கொண்டுவந்த கல்விச் சட்டத்தை எதிர்த்தே ‘விமோசன சமரம்’ பெரிதும் மூண்டது; 1959இல் அவ்வரசு கலைக்கப்பட்டது. இடையில், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோழர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். பாவலர் வரதராஜன் அந்த மலைகளில் தமிழில் பாடி வாக்குச் சேகரித்தார். தமிழில் வாக்குக் கேட்ட இயக்கம் தமிழ் வகுப்பறைக்குக் கடன்பட்டிருக்கிறது. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியபோது காசர்கோட்டின் கன்னட மக்கள் எழுப்பிய அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அச்சம் மிகையாக இருக்கலாம். அதற்குப் பதில் வகுப்பறையில் கிடைக்க வேண்டும்.

மலையாளம் கற்பதைத் தமிழ்ப் பெற்றோர் வெறுக்கவில்லை. கிராம அலுவலகமும் மருத்துவமனையும் அரசு வேலையும் அம்மொழியிலேயே இயங்குகின்றன. குழந்தை தமிழில் சிந்திக்கப் பழகி, தமிழறிந்த ஆசிரியரிடம் மலையாளத்தைச் செம்மையாகக் கற்பதே அவர்கள் வேண்டுவது. ஜார்கண்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் குழந்தைகளுக்கும் இதே நியாயம் உண்டு. தமிழருக்குக் கோரும் உரிமையை அவர்களுக்கு மறுப்பது வர்க்க அரசியல் ஆகாது.

ஆகவே தோழர்களே, எல்லைப்புறக் கிளை ஒவ்வொன்றும் தன் பகுதிப் பள்ளிகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதட்டும். தமிழ்ப் பிரிவு எந்த வகுப்புவரை உள்ளது? அடுத்த வகுப்பு எவ்வளவு தொலைவில்? தமிழ்வழி ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது? பாடநூல் எந்த மாதம் கைக்கு வந்தது? கட்சி உறுப்பினர்களின் குழந்தைகள் எங்கே படிக்கின்றனர்? கடைசிக் கேள்விக்கும் ஒளிவுமறைவின்றி விடை எழுதட்டும். அப்பட்டியல் பஞ்சாயத்துக்கும் கல்வி அலுவலருக்கும் செல்ல வேண்டிய காலம், ஆறாவது வேலை நாளுக்கு முன்பு.