பந்தய மோட்டார் சைக்கிளும் இரட்டைச் சிலிண்டரும்



ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் பொழுது புலருமுன் கேட்பது மோட்டார் சைக்கிளின் சத்தம். பால்மரம் சீவப் போகும் தகப்பனாருக்கும், பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவிடும் தாயாருக்கும் அதுவே கால். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் கொண்டவை. இன்று நாம் பார்க்கப்போவது இரட்டைச் சிலிண்டர் பந்தய வண்டியை. வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு வேகத்தின் மேல் ஆசை இருக்கிறது. திட்டினால் அந்த ஆசை போய்விடாது. வேகம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டால், அதை நல்வழியில் திருப்பலாம்.

முதலில் சென்னைக்குப் போவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பின்னர் 1990இல், திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வந்தது.

அதே சென்னையின் திருவொற்றியூரில்தான் இந்தியப் ‘புல்லட்’ வண்டி தயாரானது. 1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் அதைச் செய்தது. அது ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அந்த வழியில் வந்த ராயல் என்பீல்டு, 2018இல் 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2021இல் அதே இயந்திரத்தைக் கொண்டு ‘கான்டினென்டல் ஜி.டி. கோப்பை’ என்ற பந்தயத் தொடரும் பிறந்தது.

ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்கள் எதற்கு? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்ப வேண்டும். அடியிலும் நின்று திரும்ப வேண்டும். பிஸ்டன் கனமாகவும், ஓடும் தூரம் நீளமாகவும் இருந்தால், வேகம் கூடக்கூட அந்தத் திருப்பங்களில் உலோகம் படும் பாடு பெரிது. பழைய 350 புல்லட்டின் பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். இயந்திரம் நிமிடத்திற்கு 5,000 சுற்று சுற்றும்போது, பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் அந்தத் தூரம் 67.8 மில்லிமீட்டர்தான். ஆகவே பிஸ்டன் அதே 15 மீட்டர் வேகத்தில் ஓடினாலும், இயந்திரம் 6,600 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். சுற்று கூடினால் நிமிடத்திற்கு எரியும் தடவைகள் கூடும், திறனும் கூடும். பழைய புல்லட்டின் திறன் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். இரட்டைச் சிலிண்டர் வண்டியின் திறன் 47. அளவு இரு மடங்கிற்குச் சற்றுக் குறைவு. திறனோ இரண்டரை மடங்கிற்கு மேல்.

இரண்டு பிஸ்டன்களையும் எப்படி இணைப்பது என்பது அடுத்த கேள்வி. ஓர் உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி உலக்கையை ஓங்கும்போது மற்றவள் இறக்குவாள். தாளம் தவறினால் உலக்கைகள் மோதும். இயந்திரத்திலும் தாளம் உண்டு. பழைய ஆங்கிலேய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அவை மாறி மாறி எரிந்ததால் ஒலி சீராக இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நின்று திரும்பியதால் வண்டி நடுங்கியது. புதிய வண்டியில் சுழல்தண்டின் இரண்டு கைகளையும் 270 பாகை இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, மற்றது நடுவழியில் விரைந்துகொண்டிருக்கும். ஒன்றின் உலுக்கலை மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. மீதியை ஒரு சமன்தண்டு அடக்குகிறது. எரிவதோ 270 பாகையில் ஒன்று, பிறகு 450 பாகை கழித்து அடுத்தது. ஆகவே “டொக்-டொக்... டொக்-டொக்” என்று விட்டுவிட்டுக் கேட்கும்.

பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்தும்போது என்ன மாற்றுகிறார்கள்? விளக்குகளைக் கழற்றி எடை குறைக்கிறார்கள். கைப்பிடியைத் தாழ்த்தி, மிதிகளைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுநர் காற்றுக்கு ஒதுங்கிப் படுக்க வழி செய்கிறார்கள். வில்சுருள்களை விறைப்பாக்கி, பிடிப்புள்ள டயர் போடுகிறார்கள். தடத்தில் இறங்குமுன் பிரேக், டயர், தலைக்கவசம் அனைத்தையும் அதிகாரிகள் சோதிக்கிறார்கள். வேகத்தைக் கூட்டுவதோடு, நிறுத்துவதையும் தாங்குவதையும் கூடவே கவனிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இந்த இடத்தில்தான் வருகிறது. தந்தையின் சிறிய வண்டியில் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குகிறார்கள். பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால், பிரேக் பிடித்த பின் சுமார் 23 மீட்டரில் நிற்கும். வேகம் இரு மடங்காகி 120 ஆனால், நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்: 90 மீட்டருக்கு மேல். கண் பார்த்துக் கை பிடிப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. இரவில், மழை ஈரத்தில், செம்பனை லாரி திரும்பும் சந்தியில் அந்த 90 மீட்டர் எங்கே கிடைக்கும்? வண்டி நொறுங்கினால் மறுநாள் வேலைக்குப் போக வழியில்லை. பிள்ளையே போய்விட்டால் எதைச் சொல்லித் தேற்றுவது?

ஆகவே ஆசை உள்ள பிள்ளைக்குச் சாலையை விட்டு வேறு வாசல் காட்டுவோம். நம் நாட்டில் 1994 முதல் கப் பிரிக்ஸ் போட்டி முறைப்படி நடந்துவருகிறது. அதில் ஓடுவது நாம் அன்றாடம் ஓட்டும் சிறிய வண்டி வகைதான். ஓட்டுபவர் ஒருவர் என்றால், அவர் பின்னால் பட்டறையில் நிற்பவர் பலர். வால்வின் இடைவெளியை மயிரிழை அளவில் சரிசெய்பவர், திருகாணியை அளவறிந்து முறுக்குபவர், ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுதி வைப்பவர் ஆகிய அனைவரும் தொழிலாளிகளே. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த குடும்பத்துக் கைக்கு இந்த நுணுக்கம் புதிதல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றால், பந்தயம் இல்லாத நாளிலும் அது சோறு போடும்.

பெண் பிள்ளைகளையும் ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 2020இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், நான் சொன்ன இந்த இரட்டைச் சிலிண்டர் வண்டியைப் பெண்களே பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்தி, தாங்களே ஓட்டினார்கள்.

இந்த வார விடுமுறையில் வீட்டு வண்டியின் சங்கிலியையும் பிரேக்கையும் டயரையும் பிள்ளையோடு உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். ஏன், எப்படி என்று அவன் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பட்டறைக்காரரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். வண்டியை விரட்டத் தெரிந்தவனைவிட, அதை விளங்கிக்கொண்டவன் நெடுந்தூரம் போவான்.